லேப்டாப்புக்கு ஓடுற ஜீப்

எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல இப்ப என்னைய மாதிரி ஒரு நல்ல அண்ணன் கெடையாதாம். இன்னைக்குக் காலையில பைப்படியில பொம்பளைங்க பேசிக்கிட்டிருந்தத நானே என் காதால கேட்டேன். "பெத்தா சுருளியம்மா மாதிரி ஒரு ஆம்பளப்புள்ளயப் பெக்கணும்"னு ஒருத்தி சொல்றா. "தங்கச்சிக்காகச் சவாரிய விட்டுட்டு ஜீப்ப நிப்பாட்டிக்கிட்டுக் கெடக்கானே, எந்த அண்ணன் செய்வான்"னு இன்னொருத்தி. குடத்த வச்சது வச்சபடி, தண்ணி புடிக்காமத் திரும்பி வந்துட்டேன். அதுக்கும் ஒண்ணு சொல்லிட்டாளுக: "பாரேன் புள்ளைக்கு வர்ற கூச்சத்த!"

கூச்சமாம். மண்ணாங்கட்டி. அங்கயே நின்னு, "ஏ பொம்பளைகளா, வாய மூடுங்க, உங்களுக்கு ஒரு எழவும் தெரியாது"ன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. கத்துனா ஏன்னு கேப்பாளுக.

நான் சுடலைமணி. பீர்மேட்டுப் பக்கம் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுறேன். ஜீப் என்னோடது இல்ல, ஷிஜு சேட்டனோடது. அம்மா சுருளியம்மா எஸ்டேட்ல தேயிலக் கொழுந்து எடுக்குது. தங்கச்சி சிவசங்கரி டிகிரி முடிச்சும் வேலை கெடைக்காம, அம்மா கூடவே தற்காலிகத் தொழிலாளியா மலைக்குப் போயிட்டிருந்தா. காலுல அட்ட கடிச்ச தடம் ஆறுறதுக்குள்ள அடுத்தது கடிச்சிரும். வேலை முடிஞ்சு வந்து காலுக்கு உப்பு வச்சுக்கிட்டே போன்ல வேலை தேடுவா. அப்பிடித்தான் அந்தக் கொச்சிக் கம்பெனி கெடச்சுச்சு.

என்ன வேலைன்னா, புள்ளைங்க பாக்குற பாட வீடியோ இருக்குல்ல, அதுல பேசுறதக் கேட்டுக் கீழ எழுத்து போடணும். மலையாளத்துலயும் போடணும், தமிழ்லயும் போடணும். இவளுக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு. பரீட்சை மாதிரி ஒண்ணு வச்சாங்க, போன்லயே எழுதி பாஸாயிட்டா. ஆனா லேப்டாப் நம்மதாத்தான் இருக்கணும். ரெண்டு வாரம் ஆன்லைன்ல டிரெயினிங். அதுல தேறுனாத்தான் வேலை, இல்லேன்னா மறுபடியும் கூடையும் மலையும்தான். ஆர்டர் மெயில் வந்த அன்னைக்கு அம்மா சாமி படத்துக்கு முன்னால நின்னு, "எம் மகளுக்கு இந்த மலையில இருந்து ஒரு வழி காட்டிட்டியேப்பா"ன்னு அழுதுச்சு. அம்மா சத்தம் போட்டு அழுது நான் பாத்ததே இல்ல.

லேப்டாப்புக்கு அம்மா தன்னோட பி.எஃப்.ல இருந்து எடுத்துக் குடுத்துச்சு. அறுபதாயிரம். அதுக்கு மேல தலகீழா நின்னாலும் வராது.

வாங்குறது யாரு? நான்தான். வேற யாரு? லயத்துல யாரு போன் ஹேங் ஆனாலும் என்கிட்டதான் வரும். எந்தச் சிப்பு, எத்தன ஜி.பி., எந்த மாடலு எப்ப வந்துச்சுன்னு கேட்டா தூக்கத்துல எழுப்புனாலும் சொல்லுவேன். காரணம் இருக்கு. என் கூட ஜீப் ஓட்டுற பினு ரூம்ல ஒரு பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்கான். லீவு அன்னைக்கு அங்க போயி கார் ரேஸ் கேம் விளையாடுவேன். அந்தக் கேம்ல ரோட்டப் பாக்கணுமே! குண்டு குழி ஒண்ணு கெடையாது, கடலோரமாப் போகும். சாயங்கால வெளிச்சம் பானட்டு மேல அப்பிடியே வழியும். பகல் பூரா உருண்டைக்கல்லு ரோட்டுல இடுப்பு கழண்டுபோற அளவுக்கு ஸ்டீரிங் வளயம் புடிச்சவனுக்கு அது என்னன்னு தெரியும். அம்மா கேக்கும், "ஏண்டா, பகல்ல ஓட்டுனது பத்தாம ராத்திரியும் வண்டியாடா ஓட்டுவ?" சிரிப்பேன். ஆனா எனக்குன்னு ஒண்ணு வேணும்னு மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

இது சங்கரிக்குத் தெரியும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி நாள் அவளா வந்து சொன்னா: "அண்ணே, நம்ம வீட்டுக்கு ஒரே லேப்டாப்தான். பகல்ல எனக்கு வேலைக்கு. சாயங்காலம் உனக்குக் கேமுக்கு. ரெண்டுக்கும் ஆகுற மாதிரி பாத்து வாங்கு. வேலைக்கு மொதல்ல பாரு, அத மட்டும் மறந்துறாத. மத்தபடி உனக்குத் தெரியாததா?"

உனக்குத் தெரியாததா. அதத்தான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

ஒரு விசயத்தச் சொல்லாம விட்டா உங்களுக்கு வெளங்காது. எங்க லயம் பள்ளத்துல இருக்கு. வீட்டுக்குள்ள போன்ல ஒரு கோடு ரேஞ்சு வராது. மேல ஏறி, பழைய கொழுந்து எட போடுற ஷெட்டு இருக்குற வளைவுக்குப் போனாத்தான் எல்லாருக்கும் போனு பேசும். கல்யாணம் பேசுறது, சண்ட போடுறது, காசு அனுப்புறது எல்லாமே அந்த வளைவுலதான். ஷெட்ட இப்ப யாரும் புழங்குறதில்ல. கூர இருக்கு, ஒரு சிமெண்டுத் திண்டு இருக்கு, கரண்டு கெடையாது. வயர எல்லாம் எப்பவோ உருவிட்டாங்க. சங்கரி டிரெயினிங்குக்கு உக்காரப் போற எடமும் அதுதான். கேபிள்காரன் லயத்துக்கு நெட் இழுத்துத் தர்றேன்னு சொல்லியிருந்தான். அவன் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டே இருக்குற ஆளு.

குமுளியில நவ்ஷாத் பாய் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பாய் பாலக்காட்டுக்காரரு, நம்மள மாதிரியே தமிழ் பேசுவாரு. சங்கரிக்கு அன்னைக்கு மலையில வேலை, அதனால நான் மட்டும்தான் போனேன். பட்ஜெட்ட சொன்னதும் பாய் ரெண்ட எடுத்து மேசையில வச்சாரு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெலை.

"தம்பி, இந்தக் காசுக்கு எல்லாமே கெடைக்காது. ஒண்ணக் கூட்டுனா ஒண்ணு கொறையும்"னாரு. "இது பாரு. கைக்கு அடக்கமா இருக்கா? பதினாறு ஜி.பி. ராம். பேட்டரி ஒரு நாள் வேலைக்குத் தாங்கும். போன் சார்ஜர் மாதிரி சின்ன சார்ஜரு. பவர் பேங்க்லகூட ஏத்திக்கலாம். டைப்பிங், வீடியோ, மீட்டிங்கு எல்லாம் வெண்ண மாதிரி ஓடும். கேம்னா சின்னச் சின்னது மட்டும்தான்."

நான் மத்ததப் பாத்துக்கிட்டிருந்தேன். கறுப்பா, கனமா, கீபோர்டுக்குள்ள செவப்பு வெளிச்சம். அதுல கேமுக்குன்னே தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. பாய் ஆன் பண்ணி ஒரு ரேஸ் கேமப் போட்டுக் காட்டுனாரு. அதே கடலோரம், அதே வெளிச்சம். எனக்கு வாயில எச்சி ஊறாத கொறதான்.

"இதுவும் நல்ல சாமான்தான்"னாரு பாய். "ஆனா ராம் எட்டுதான். பின்னால கூட்டிக்கலாம். பேட்டரிதான் பிரச்சன. பிளக்குல போட்டா ராஜா, பிளக்க உருவுனா ஒரு மணி நேரம், மிஞ்சுனா ஒண்ணர. சார்ஜரு செங்கல் கணக்கா இருக்கும். தங்கச்சி எங்க உக்காந்து வேல பாக்கும்? வீட்டுல ரேஞ்சு இருக்கா?"

அவரு கேட்டாரு. கண்ணப் பாத்துக் கேட்டாரு. "எடம் ஷெட்டு பாய், கரண்டு இல்ல"ன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"வீட்டுலதான் பாய்"னு சொன்னேன்.

"அப்ப சரி. பிளக்குலயே போட்டு வேல பாக்கட்டும்"னு பில்லு போட்டுட்டாரு.

கேபிள்காரன் வந்துருவான்ல, வந்துட்டா வீட்டுலதான உக்காருவா, அப்ப நான் சொன்னது பொய் ஆகாதுல்லன்னு வர்ற வழியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வச்சு வாதாடிக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பொய் குட்டி போட்டுச்சு. சங்கரி ரெண்டு கையாலயும் தூக்கிப் பாத்துட்டு, "என்னண்ணே இந்தக் கனம் கனக்குது? இதவிட லேசா இல்லையா?"ன்னு கேட்டா.

"இருந்துச்சு. அதெல்லாம் வேலைக்காகாது. ஸ்லோ. நீ நாலு வீடியோவத் தொறந்தா ஹேங் ஆயி நின்னுரும். கனமா இருந்தாத்தான் உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

"அப்படியா!"ன்னு நம்பிட்டா. அம்மாவும் ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு, "ஆமா, உருப்படியாத்தான் இருக்கு"ன்னுச்சு. குங்குமம் வச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலமே உக்காந்து கேம் விளையாடுனேன், அதையும் மறைக்கல. அம்மா பக்கத்துல உக்காந்து, "இந்த ரோட்டுல ஒரு மாடுகூடக் காணோமேடா"ன்னு ஆச்சரியப்பட்டுச்சு. சங்கரி சிரிச்சுக்கிட்டே கட்டன்சாயா போட்டுக் குடுத்தா. எனக்கு இருந்த சந்தோசத்துல கேபிள்காரன் நெனப்பே வரல.

திங்கக்கிழம டிரெயினிங் ஆரம்பம். மழை. கொழுந்துப் பைக்குள்ள லேப்டாப்ப வச்சு, மேல பிளாஸ்டிக் படுதாவச் சுத்தி, புள்ளயத் தூக்குற மாதிரி மார்போட அணச்சுக்கிட்டு ஏறிப் போனா. பத்து மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணி வரைக்கும்னு சொன்னா. நான் சவாரிக்குப் போயிட்டேன். மத்தியானம் திரும்பி வந்தா, வாசப்படியில லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மூஞ்சி செத்துப் போயிக் கெடக்கு.

"அண்ணே, நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. பதினோரு மணிக்கெல்லாம் அணைஞ்சு போச்சு. அப்பறம் எழும்பவே இல்ல. டிரெயினிங் நடத்துற சிஞ்சு மேடம் என் பேரச் சொல்லிக் கூப்புடக் கூப்புட இருட்டாயிருச்சு. முழுசா சார்ஜ் போட்டுத்தான கொண்டுபோனேன்? என் கைராசியே இப்பிடித்தான்."

நான் என்ன செஞ்சேன்னு நெனைக்கிறீங்க? லேப்டாப்ப வாங்கி, பெரிய டாக்டரு மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தேன். "புது பேட்டரி, செட்டாகணும். நாளைக்கு ஸ்கிரீன் வெளிச்சத்தக் கொறச்சு வையி"ன்னேன். மறுநாள் அவ வெளிச்சத்தக் கொறச்சுக்கிட்டா, கிராஃபிக்ஸ் கார்டயும் நான் செட்டிங்ல போயி அணைச்சு வச்சேன். ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னுச்சு. மேடம் மெசேஜ் போட்டுட்டாங்க: இப்படிப் பாதியில பாதியில போனா கஷ்டம், அடுத்த வாரத்துக்கு உங்க எடத்துல வேற ஆளப் போட வேண்டி வரும். அத எனக்குக் காட்டுனப்ப அவ அழல. போனத் திருப்பிக் கமுத்தி வச்சுட்டு, அம்மாவோட கூடையில கயிறு அறுந்திருந்தத எடுத்து முடிஞ்சுக்கிட்டு இருந்தா. அம்மா அவ கையையே பாத்துக்கிட்டு நிக்குது.

அப்பவே ஜீப்ப எடுத்தேன். குமுளிக்குப் போயி, நவ்ஷாத் பாய் கடை இருக்குற தெருவுக்குள்ளயே நுழையாம, சுத்திக்கிட்டு வேற கடைக்குப் போயி, ஜீப் பேட்டரியில இருந்து கரண்டு எடுக்குற இன்வெர்ட்டர் ஒண்ணு வாங்குனேன். பொட்டியப் பிரிச்சுட்டதுனால பாய்கிட்ட மாத்திக் கேக்க முடியாதுன்னு ஒரு சாக்கு வச்சிருந்தேன். நெசம் அது இல்ல. "வீட்டுலதான்னு சொன்னியே தம்பி"ன்னு அவரு கேப்பாரு, அதான். வாங்குன இன்வெர்ட்டரு அந்தச் செங்கல் சார்ஜரச் சொருவுனதும் கீன்னு கத்திட்டு அணைஞ்சு போச்சு. மறுபடியும் போயி, பெருசா ஒண்ண வாங்கியாந்து, பானட்டத் தொறந்து நேரா பேட்டரியில கவ்வ விட்டேன். புதன்கிழம காலையில ஷெட்டு வாசல்ல ஜீப்ப நிப்பாட்டி, வயர உள்ள இழுத்து, எஞ்சின ஓடவிட்டேன். லேப்டாப்புல சார்ஜ் ஏறுற வெளக்கு எரிஞ்சுச்சு. சங்கரி என் கையப் புடிச்சுக்கிட்டு, "அண்ணே... அண்ணே..."ன்னா.

அன்னையில இருந்து தெனமும் இதேதான். பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் ஜீப்பு ஷெட்டு வாசல்ல உறுமிக்கிட்டு நிக்கும். முக்காவாசி சவாரி காலையிலதான் வரும், எல்லாம் மத்த டிரைவருங்க பினுவுக்கும் ரிஞ்சுவுக்கும் போயிருச்சு. ஷிஜு சேட்டன் ரெண்டு நாள் பாத்துட்டு, "எடா, ஜீப்பா இது, ஜெனரேட்டரா?"ன்னு திட்டுனாரு. அப்பறம் என்னன்னு கேட்டுட்டு அவரும், "நல்ல காரியம்டா"ன்னு முதுகுல தட்டிட்டுப் போயிட்டாரு. அவரு தட்டுன எடம் அன்னைக்குப் பூரா எரிஞ்சுச்சு. சிஞ்சு மேடம்கூட ஒரு நாள், "சிவசங்கரி, உங்க வீட்டுக்குப் பக்கத்துல ரைஸ்மில்லு இருக்கா?"ன்னு கேட்டாங்களாம். "இல்ல மேடம், அது எங்கண்ணன்"னு இவ பெருமையாச் சொல்லியிருக்கா. கதையக் கேட்டுட்டு அந்த மேடம், "யூ ஆர் லக்கி"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்களாம். வந்து எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அங்க இங்கன்னு கத பரவிப்போச்சு. கீழ் லயம், மேல் லயம், ஃபேக்டரி வரைக்கும் போயிருச்சு.

வீட்டுல அதவிட மோசம். மத்திக் கொழம்பு வச்சா அம்மா பெரிய மீனா பாத்து என் தட்டுல போடுது. "அப்பன் இல்லாத வீட்டுல நீ இருக்குற தைரியத்துலதாண்டா நான் நிக்கிறேன்"ங்குது. ஒரு நாள் பொறுக்க முடியாம தட்டத் தள்ளிவிட்டுட்டு, "சும்மா நொய்நொய்னு அதையே பேசாத, நான் ஒண்ணும் மலையப் பெரட்டல"ன்னு எரிஞ்சு விழுந்துட்டேன். அம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. சங்கரி மெதுவா அம்மாகிட்ட சொல்றா: "சவாரி போச்சேன்னு அண்ணனுக்கு உள்ளுக்குள்ள வருத்தமா இருக்கும்மா, விடு." அடப்பாவி மக்கா, அதுக்கும் எனக்கு ஒரு நல்ல காரணத்தக் கண்டுபுடிச்சுக் குடுக்கிறாளே!

சொல்லிரணும்னு நெனைக்காம இல்ல. ஒரு சாயங்காலம் அவ சுவத்துல சாஞ்சு உக்காந்து தோள்பட்டைய நீவிக்கிட்டிருந்தா. "என்ன?"ன்னேன். "தெனம் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுறதுல வலிக்குதுண்ணே. பரவால்ல. கனமா இருந்தாத்தான் உள்ள சரக்கு இருக்கும்னு நீதான சொன்ன"ன்னு சிரிச்சா. கிண்டலுக்குச் சொல்லல, நெசமாத்தான் சொன்னா. நான் வாயத் தொறந்தேன். "சங்கரி..."ன்னேன். "ம்?"ன்னு நிமுந்து பாத்தா. "நாளைக்கு மழை ஜாஸ்தியா வரும் போல இருக்கு, படுதாவ ரெண்டாச் சுத்திக்க"ன்னேன். சீ, நானெல்லாம் ஒரு ஆளு!

அவ கேமுக்குச் சரின்னு சொல்லித்தான அனுப்புனா? அதுதான் என்னைய ரொம்ப வதைக்குது. "சங்கரி, அது லேசு, பேட்டரி நிக்கும், இது கனம், கேம் ஓடும், எனக்கு இதுமேல ஆசையா இருக்கு, என்ன செய்யட்டும்?"னு போன்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா அவளே, "அதையே வாங்குண்ணே, சமாளிச்சுக்குவோம்"னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பா. கேட்டு வாங்க வேண்டியதத் திருடி வாங்குனேன். போன ஞாயித்துக்கிழம அந்தக் கேம அழிச்சேன். அழிச்சா என்ன, பேட்டரி கூடிருமா? மறுநாள் இவ பாத்துட்டு, "ஏண்ணே, உன் கேமக் காணோம்?"னு கேட்டா. "போரடிச்சுருச்சு"ன்னேன். "அய்யோ, எனக்கு எடம் பத்தாதுன்னு அழிச்சுட்டியா? எனக்கு எடம் நெறைய இருக்குண்ணே"ன்னு வருத்தப்படுறா. இவகிட்ட ஒரு கெட்ட காரியம்கூட ஒழுங்காச் செய்ய முடியல. எதச் செஞ்சாலும் அத நல்லதா மாத்திப்புடுறா.

இப்பிடியே ரெண்டாவது வாரமும் முடியப் போகுது. நல்லாத்தான் செய்யிறான்னு மேடம் சொல்லிட்டாங்க. வேலை கெடச்சிரும். கெடச்சுட்டா கேபிள்காரன நானே காலரப் புடிச்சு இழுத்துட்டு வந்து வீட்டுக்கு நெட்டு போட வச்சிருவேன், அவ பிளக்குல போட்டு வேலை பாப்பா, இந்தப் பொய்யும் பொதைஞ்சு போயிரும். அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இன்னைக்குக் காலையிலயும் ஜீப்ப ஷெட்டு வாசல்ல போட்டேன். பைப்படியில கேட்டது காதுல ரீங்காரமாவே இருந்துச்சு.

பதினோரு மணி இருக்கும், கீழ் லயத்து மாரீஸ்வரி கொடையப் புடிச்சுக்கிட்டு ஏறி வந்தா. சங்கரி கூடப் படிச்சவ. அவளும் மலைக்குப் போறவதான். அவ அப்பாவுக்கு ஃபேக்டரியில அடிபட்டு ஒரு காலு சரியில்ல. வீட்டுல வேற ஆம்பள கெடையாது. வந்தவ மூஞ்சியெல்லாம் வெளிச்சமா இருக்கு.

"அண்ணே, எனக்கும் அதே கம்பெனியில பரீட்ச பாஸாயிருச்சு! அடுத்த மாசம் டிரெயினிங்கு. சங்கரி சொல்லித்தான் போட்டேன். அப்பா சங்கத்துல லோன் வாங்கியிருக்கு, உங்க பட்ஜெட்தான். ஞாயித்துக்கிழம நவ்ஷாத் பாய் கடைக்குப் போறோம். சங்கரி வச்சிருக்குற இதே மாடல வாங்கிரலாம்னு இருக்கேன். நீங்க பாத்து வாங்குனதுன்னா நம்பி வாங்கலாம்ல? சரிதானேண்ணே?"

சங்கரி உள்ள திண்டுல உக்காந்து டைப் பண்ணிக்கிட்டிருந்தா. ஒரு காதுல ஹெட்செட், ஒரு காது தொறந்து கெடக்கு. எங்களப் பாத்துச் சிரிச்சுட்டு மறுபடியும் கீழ குனிஞ்சா.

சரின்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. ஒரே ஒரு "சரி". என் பேரு நெலைக்கும், பைப்படி நெலைக்கும், மத்தி மீன் நெலைக்கும். மாரீஸ்வரி அந்தக் கல்லத் தூக்கிக்கிட்டு இதே திண்டுல வந்து உக்காருவா. பதினோரு மணிக்கு அணைஞ்சு போகும். அவளுக்கு ஜீப் ஓட்டுற அண்ணன் கெடையாது. நொண்டுற அப்பா என்னத்த மாட்டுவாரு, எந்தப் பேட்டரியில? அவளும் தான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டோம்னு நெனச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருப்பா.

"வேணாம்"னேன்.

எஞ்சின் சத்தத்துல அவளுக்குக் கேக்கல. "என்னண்ணே?"

"இது வேணாம்னேன். பாய்கிட்ட லேசா ஒண்ணு இருக்கும், பதினாறு ஜி.பி. ராமு. அத வாங்கு."

மாரீஸ்வரி கொழம்பிப்போயிட்டா. "அது ஸ்லோவாம்லண்ணே? வீடியோ தொறந்தா ஹேங் ஆயிரும்னு சங்கரி சொன்னாளே?"

என் பொய்யி ரெண்டு லயத்த சுத்திட்டு எங்கிட்டயே திரும்பி வந்து நிக்குது. சங்கரி இன்னொரு காதுல இருந்தும் ஹெட்செட்டக் கழட்டிட்டா. நான் அவளப் பாக்கல. மாரீஸ்வரி கொடைக் காம்பயே பாத்துக்கிட்டுச் சொன்னேன்: "ஆகாது. ஹேங் எல்லாம் ஆகாது. இதவிட அது உங்க வேலைக்கு நல்லாவே ஓடும். பேட்டரி நாள் பூரா நிக்கும். சார்ஜரு சின்னது, பவர் பேங்க்கே போதும். இது பிளக்குல போட்டாத்தான் ஆகும். இது... இது கேமுக்கு."

மழை கூரையில கொட்டுது. ஜீப்பு உறுமுது. சங்கரி எந்திரிச்சு ஷெட்டு வாசலுக்கு வந்தா.

"நீ வாங்கப் போனப்ப அது கடையில இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு."

"வெலை?"

"ஒண்ணுதான்."

"நான் இங்கனதான் உக்காரணும்னு பாய்கிட்ட சொன்னியா?"

இல்லன்னு தலைய ஆட்டுனேன்.

அவ கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். தோள்பட்டையில கைய வச்சுக்கிட்டு ஜீப்பப் பாத்தா. பானட்டுக்குள்ள இருந்து திண்டு வரைக்கும் கெடக்குற வயரப் பாத்தா. அப்பறம் மாரீஸ்வரி பக்கம் திரும்பி, ரொம்ப சாதாரணமா, கடையில சாமான் சொல்ற மாதிரி சொன்னா:

"அண்ணன் சொல்றதையே வாங்குடி. உங்கிட்ட பொய் சொல்ல அண்ணனுக்கு எந்த அவசியமும் இல்ல."

உள்ள போயி ஹெட்செட்ட ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டா. மாரீஸ்வரி என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "நான் அப்பறம் வர்றேன்"னு எறங்கிப் போயிட்டா. நான் ஜீப்புல ஏறி வளயத்துக்கு முன்னாடி உக்காந்தேன். சாவியத் திருகி அணைச்சுட்டு எங்கயாச்சும் ஓடிரலாம் போல இருந்துச்சு. அணைச்சா டிரெயினிங் முடியிறதுக்குள்ள அவ லேப்டாப்பும் அணைஞ்சுரும். ரெண்டு மணி ஆகுற வரைக்கும் எஞ்சின ஓடவிட்டுக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தேன்.